அரைக்கால் தெரியும், ஒருமா தெரியாது

வாலே பேராண்டி, உக்காரு. அந்தப் பொட்டிய மூடி வையி. மூடினாத்தான் உனக்குக் காது கேக்கும்.

கீழத்தெரு டீக்கடைக்காரர் மக நேத்து சாயங்காலம் போனைத் தூக்கிட்டு வந்து நின்னா. நீ புரோகிராம் எழுதிக் குடுத்த ஆன்லைன் பரீட்சைதானாம். பத்துக் கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0.1 மார்க், முழுசா ஒண்ணு எடுத்தா சர்டிபிகேட். பத்தும் சரி, பச்ச டிக்கு வரிசையா நிக்கு. மொத்தம் 1.00-னும் போட்டிருக்கு. அதுக்கு நேர் கீழ செவப்பு எழுத்துல ‘முழு மதிப்பெண் பெறவில்லை’. கண்ணாடியத் தொடச்சிட்டு மறுபடி பாத்தேன். கொறை கண்ணாடியில இல்ல.

ராத்திரி நீதான் சொன்ன: 0.1-ஐப் பத்துத் தடவ கூட்டினா கம்ப்யூட்டருக்கு 0.9999999999999999 வருதாம். அது ஒண்ணுக்குக் கொறையான்னு கேட்டிருக்க. கொறைதான்னு அதுவும் ஒத்துக்கிடுச்சு. வெளிய காட்டும்போது மட்டும் பவுடர் பூசி 1.00-னு அனுப்பியிருக்க. அது பொய் சொல்லலலே, நீதான் சொல்லியிருக்க.

எங்க அய்யா திண்ணையில எண்சுவடி படிச்சவரு. அரை, கால், அரைக்கால், வீசம்னு பாதி பாதியாப் பிச்சுக்கிட்டே போவாரு. உன் கம்ப்யூட்டரும் அந்த ரகந்தான். ரெண்டால பிளந்துக்கிட்டே போற பின்னம்னா சொட்டுச் சிந்தாம வாங்கிக்கிடும். ஒருமா, அதான் இருபதுல ஒண்ணு, அதக் கேளு. பத்துல ஒண்ணு கேளு. முழி பிதுங்கிரும். கிட்டத்தட்ட வர்ற ஒரு எண்ண வச்சிக்கிட்டு சமாளிக்கும். அய்யா ஒருமாவும் சொல்லுவாரு, முந்திரியும் சொல்லுவாரு. கரண்டு வேண்டாம், வெத்தல போதும் அவருக்கு.

போன மாசக் கூத்து மறந்துருச்சா? நீ போட்ட ரேங்க் லிஸ்ட்ல 9 வாங்கின பய உச்சியில, அடுத்து 85, அப்புறம் 35, 100 வாங்கின புள்ள கடைசி. எண்ண எழுத்தா எடுத்துக்கிட்டு, மொத எழுத்தப் பாத்து அடுக்கியிருக்கு, அட்டெண்டன்ஸ்ல பேரு அடுக்குத மாதிரி. 9 வாங்கினவன் அப்பன் தெருவுக்கே லட்டு குடுத்தாரு. நான் ரெண்டு தின்னேன், அதான் அன்னைக்கு வாயத் தெறக்கல.

நீ ஒருத்தன் மட்டுமில்ல. கனடாவுல வான்கூவர் பங்குச் சந்தைக்காரங்க 1982-ல ஒரு குறியீட்டெண்ண 1000-ல ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் கணக்கப் புதுசாப் போட்டு, மூணு தசமத்துக்கு மேல உள்ளத வெட்டி எறிஞ்சாங்க. 1983 நவம்பர்ல பாத்தா 524-ல வந்து கெடக்கு. ஒழுங்காப் போட்டா 1098! தூசியத் தட்டித் தட்டியே பாதி வீடு போயிருக்கு.

அதனால மார்க்க தசமத்துல வைக்காத. பைசாக் கணக்கு மாதிரி முழு எண்ணா வையி. பத்து வந்தா முழுசு. விடையே தசமத்துலதான் வரும்னா ‘சமமா’ன்னு கேக்காத, ரெண்டுக்கும் வித்தியாசம் இம்மிக்குள்ள இருக்கான்னு கேளு. இம்மியும் எங்க அய்யா கணக்குதான், சும்மா வாய்வார்த்த இல்ல. அந்த வித்தியாசம் எம்புட்டு இருக்கலாம்னு வாத்தியார்ட்ட கேளு, நீயா வைக்காத. 9.8-ம் 9.81-ம் பௌதிகத்துல ஒண்ணா இருக்கலாம். நகைக்கடையில சொன்னா அடி விழும். அப்புறம், பாஸ் மார்க்கு வரப்புல சரியா நிக்குத பிள்ளய வச்சு ஓட்டிப் பாரு. நூறு எடுக்கவனையும் சைபர் எடுக்கவனையும் மட்டும் வச்சு ஓட்டிட்டு ‘எல்லாம் சரி தாத்தா’ங்காத.

எனக்கு டீக்கணக்கு அந்தப் புள்ள அப்பன் கடையிலதான். நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு நான் போய் அங்க நிக்கணும். ராத்திரிக்குள்ள சர்டிபிகேட்ட அனுப்பிரு.