நாலரை மடங்குக் கனவு

தொண்ணூறுகளின் கடைசியில் மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் கடைக்குக் கடை ஜெராக்ஸ் எடுத்த விலைப்பட்டியலை நீட்டுவார்கள். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பேனாவால் வட்டமிட்டும் அடித்தும், பிராசஸருக்கு இவ்வளவு, மதர்போர்டுக்கு இவ்வளவு என்று கூட்டிக் கழிப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைந்துபோகும். கூட்டுத்தொகை எப்போதும் சம்பளத்தைத் தாண்டித்தான் நிற்கும். உங்களுக்கும் நின்றிருக்கும்.

1998 ஆகஸ்டில் இன்டெல் 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-ஐ 669 டாலருக்கும், செலரான் 300ஏ-வை 149 டாலருக்கும் வெளியிட்டது. போர்டில் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு ஏற்றிவிட்டால், நாலரை மடங்குக் கணக்கில் அந்த ஏழைச் சில்லும் 450-இல் ஓடும் என்ற சேதி எங்களுக்கெல்லாம் புதையல் வரைபடம் மாதிரி வந்து சேர்ந்தது. அதற்கு 440பிஎக்ஸ் சிப்செட் போர்டு வேண்டும், அதன் விலையோ செலரானில் மிச்சம் பிடித்ததை நைசாக வாங்கிக்கொள்ளும் என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஏஎம்டியின் டியூரான் வந்தது. அதன் மேல்பக்கத்தில் எல்1 என்று குறித்த இடத்தில் அறுந்திருக்கும் இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்துச் சேர்த்தால், கரி மின்சாரத்தைக் கடத்தி, பூட்டிய பெருக்கம் திறந்துகொள்ளும். தம்பியின் பென்சிலை எடுத்துச் சீவி, மூச்சை அடக்கிக்கொண்டு நான் அந்தக் கோடுகளை இழுத்ததைப் பார்த்தவர்கள், ஏதோ ராக்கெட் விடுகிறான் என்றே நினைத்திருப்பார்கள். சூடு தாங்காமல் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். "மெஷினுக்கு ஃபேன், எனக்கு விசிறியா?" என்றாள் அம்மா. இத்தனை பாடுபட்டுத் திருடிய வேகத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், சாலிடேர் ஆடினேன்.

இப்போது நிலைமை வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. என் ஏழாம் தலைமுறை ஐ3 தும்மல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தும், விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்தக் காலத்தில் கணினி முடியாமல் போய்த்தான் மாற்றுவோம். இப்போது ஓடுகிறதே என்பது ஒரு தகுதியாகவே எண்ணப்படுவதில்லை. ஏஎம்5 போர்டு வாங்கினால் டிடிஆர்5 ராமும் வாங்கியாக வேண்டும், கையிலிருப்பதோ டிடிஆர்4. ஆகவே பழைய ஏஎம்4-லேயே ரைசன் 5 5600ஜி, கூட ஒரு ஏ520 போர்டு என்று முடிவு செய்தேன். கிராபிக்ஸ் கார்டு தனியாக வேண்டாம் என்பது கூடுதல் லாபம். இந்த முடிவுக்கு வருவதற்குள் பார்த்த வீடியோக்கள் கொஞ்சநஞ்சமல்ல; ஜெராக்ஸ் தாளுக்காவது கடைசி வரி என்று ஒன்று இருந்தது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பழைய ஐ3 7100-இன் வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ், புதியதன் அடிப்படை வேகமும் அதே 3.9. மெகாஹெர்ட்ஸுக்காகத் தவம் கிடந்தவனுக்கு இது என்ன வரமோ! இரண்டு கோர் ஆறாகியிருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, கடையில் நின்ற பையனிடம், "இந்த போர்டுல ஓவர்கிளாக் பண்ணலாமா தம்பி?" என்று கேட்டேன்.

"இதுல முடியாது அங்கிள். தேவைப்பட்டா பிராசஸரே தானா ஏத்திக்கும். நீங்க எதையும் தொட வேணாம்."

பில்லைப் போடச் சொன்னேன்.