இட்ஸ் ஓகே இயல்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென்று தனி இயலே வகுத்தார். அழுகை எவற்றால் பிறக்கும் என்று ஆராய்ந்து இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணம் காட்டினார். அழுகிறவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார். உரையாசிரியர்களும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நெடுங்காலமாகக் கிடந்த இந்த வெற்றிடத்தை ஐதராபாத் நகரத்தார் ஆங்கிலத்தால் நிரப்பி வருகிறார்கள் என்பது இவ்வாய்வின் துணிபு.

களமாக ஐதராபாத்தைக் கொண்டது ஏன் எனின், ஆங்கிலத்தோடு இவ்வூருக்குள்ள உறவு விசித்திரமானது. 1918இல் இங்கே தோன்றிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவில் பாடம் நடத்தியது. 1958இல் அதன் வளாகத்தை ஒட்டியே ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒரு மத்திய நிறுவனம் வந்தது. 2007இல் அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆனால் சாமானியன் ஆங்கிலத்துக்கு அங்கே போவதில்லை. அமீர்பேட்டை மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள சந்துகளுக்குப் போகிறான். ஜாவாவும் ஸ்போக்கன் இங்கிலீஷும் ஒரே மாடிப்படியில் விற்கும் சந்துகள் அவை. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே கற்றுத்தருவார்கள். எதிரே இருப்பவன் அழுதால் என்ன சொல்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அது லிஃப்டிலும் டீக்கடையிலும் அப்பார்ட்மெண்ட் வாசலிலும் கேள்வி ஞானமாகவே பரவுகிறது.

ஆறுதலுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்கலாம். செகந்திராபாத்தில் கன்டோன்மெண்டையும் ரயில்வேயையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. மாரேட்பள்ளி, பத்மராவ் நகர்ப் பக்கம் ஓர் அடுக்ககத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: கீழ்த்தளத்தில் தெலுங்கர், முதல் மாடியில் தக்கனி உருது பேசுகிறவர், இரண்டாம் மாடியில் நம்மவர், மூன்றாம் மாடியில் மார்வாடி. ஏதோ ஒரு மாடியில் துக்கம். தமிழில் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. அரைகுறைத் தெலுங்கில் சொன்னால் துக்க வீட்டில் சிரிப்பு வந்துவிடும் அபாயம் உண்டு. ஆங்கிலத்தில் சொன்னால் சொல்கிறவரும் பிழை செய்வார், கேட்கிறவரும் பிழை செய்வார். யாருக்கும் யாரும் இளைத்தவர் இல்லை.

நம் முதன்மைத் தரவு மேற்கு மாரேட்பள்ளி மாமி ஒருவரின் நோட்டுப் புத்தகம். பேத்தி சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டது. ஒரு பக்கத்துக்குத் தலைப்பு 'கஷ்டத்துக்கு', எதிர்ப்பக்கத்துக்கு 'சந்தோஷத்துக்கு'. 'இட் ஹேப்பன்ஸ்' என்ற வாசகம் எப்படியோ சந்தோஷப் பக்கத்துக்குப் போய்விட்டது. கீழ்வீட்டுத் தெலுங்கம்மாள் பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று லட்டோடு வந்தபோது மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இட் ஹேப்பன்ஸ் அண்டி" என்றார். வந்தவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மாப்பிள்ளையைப் பற்றித் தமக்கும் அதே எண்ணம்தான் என்றாராம்.

இனி நான்கு காரணத்தையும் களத்தோடு பொருத்துவோம். இழவில் வழங்குவது 'சாரி'. இதில் ஓர் இலக்கணச் சிக்கல். 'சாரி' என்றால் மன்னிப்புக் கேட்பதாகவே நம் ஊர்க் காது எடுத்துக்கொள்ளும். கேட்டால் மன்னிக்க வேண்டியது மரியாதை. ஆகவே வந்தவர் "சாரி அண்டி" என்றதும் கணவரைப் பறிகொடுத்தவர் "பர்வாலேது அண்டி" (பரவாயில்லைங்க) என்று அவரைத் தேற்றுகிறார். அடுத்து வருகிறவரையும் தேற்றுகிறார். மாலைக்குள் ஒரு தெருவையே தேற்றி அனுப்பிவிட்டுக் களைத்துப் போகிறார். தமிழ் முறையில் இந்தத் தொல்லை இல்லை. நாம் "எப்ப ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி? எவ்வளவு கட்டினேள்?" என்று விசாரணையே நடத்திவிடுவோம், பதில் சொல்லிச் சொல்லித் துக்கப்பட்டவருக்கு அழ நேரம் இருக்காது.

அசைவு என்பது இருந்த நல்ல நிலை குலைந்து வருந்துவது. ஹைடெக் சிட்டியில் அதற்கு 'பெஞ்ச்' என்று பெயர். புராஜெக்ட் இல்லாமல் உட்காருகிறவனிடம் 'எவ்ரிதிங் ஹேப்பன்ஸ் ஃபார் எ ரீசன்' என்பார்கள். என்ன காரணம் என்று அவன் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் சொன்னவரிடம் பதில் இருக்காது. உண்மையில் அவன் நெஞ்சைக் குளிர்விப்பது வேறொரு வாசகம்: 'செண்ட் மீ யுவர் ரெஸ்யூமே'. இலக்கணப்படி இது வெறும் ஏவல். ஆறுதல் நூல் எதிலும் இடம்பெறாது. இதை ஆறுதல் வாசகங்களுக்கெல்லாம் தலையாயதாக வைக்க வேண்டும் என்பேன்.

இளிவு என்பது பலர் முன்னே தாழ்வுபடுவது. அப்ரைசல் அறையிலிருந்து வெளியே வருகிறவன் முகம் அதற்கு எடுத்துக்காட்டு. இங்கேதான் இந்நகரத்தின் தனிப்படைப்பு வெளிப்படுகிறது: 'லைட் தீஸ்கோ'. லைட் ஆங்கிலம், தீஸ்கோ தெலுங்கு ஏவல். உருதுக்காரர் 'லைட் லே' என்பார். கூடவே 'டென்ஷன் நக்கோ' என்றும் சேர்ப்பார். அந்த 'நக்கோ' மராட்டி வழியாகத் தக்கனிக்கு வந்தது. ஒரு சின்ன ஆறுதலுக்கு இத்தனை மொழிகள் தோள் கொடுக்கும் ஊர் வேறு உண்டோ தெரியவில்லை. சென்னையிலிருந்து புதிதாக வந்தவன் 'லைட் தீஸ்கோ' என்று கேட்டதும் சுவிட்சைத் தேடுவான். விளக்கு அன்று, எடை என்க. கனமாக எடுத்துக்கொள்ளாதே என்பது கருத்து. 'டேக் இட் ஈஸி'யிலிருந்து இது வேறுபடுவது எவ்வாறெனின், 'டேக் இட் ஈஸி'யை மேலதிகாரியும் சொல்லலாம். 'லைட் தீஸ்கோ ரா' என்பதைக் கூட நின்று டீ குடிக்கிறவன் மட்டுமே சொல்ல முடியும்.

அந்த 'ரா'வைக் கவனிக்க. நாம் கேட்ட ஆறுதல் வாசகங்களில் ஆங்கிலம் தனியாக வந்ததே அரிது. பின்னால் 'அண்டி', 'ரா', 'யாரோ', 'பா', 'டா', 'மா' என்று ஏதாவது ஒன்று கைபிடித்து வரும். 'டோன்ட் வொர்ரி' என்று மொட்டையாகச் சொன்னால் பேங்க் கிளார்க் சொன்னது போலிருக்கும். 'டோன்ட் வொர்ரி டா' என்றால் தோளில் கை விழுந்துவிட்டது. ஆங்கிலப் பகுதி ஒப்புக்கு. சொல்ல வந்தது அந்த ஓரெழுத்து. நூறு வாசகம் மனப்பாடம் செய்வதைவிட இதில் ஒன்றைச் சரியான ஆளுக்குச் சரியாக ஒட்டக் கற்பது கடினம். பெரியவரிடம் 'ரா' போட்டுவிட்டால் ஆறுதல் நமக்குத் தேவைப்படும்.

அடுக்குத்தொடருக்கும் விதி உண்டு. நன்னூலார் ஒரு சொல்லை நான்கு முறைக்கு மேல் அடுக்க இசையவில்லை. 'இட்ஸ் ஓகே' ஒருமுறை வந்தால் மன்னிப்பு, இருமுறை வந்தால் ஆறுதல், மும்முறை வந்தால் சொல்கிறவரும் அழப்போகிறார். நான்காவது முறை யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள்.

வறுமைக்கு மட்டும் ஆங்கிலத்தில் வாசகம் அகப்படவில்லை. மாதக் கடைசியில் கைமாற்றுக் கேட்டவனுக்குக் கிடைப்பது 'ஐ வில் லெட் யூ நோ'. அது ஆறுதலில் சேராது. அங்கே எல்லா மாடிக்காரர்களும் தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். தெலுங்கம்மாள் "தின்னாவா?" என்கிறார். புதிதாக வந்த தமிழன் அதை வசவு என்று நினைத்து முதலில் கோபப்படுகிறான். பிறகு சாப்பிடுகிறான்.

வாசகத்தை ஆயத்தமாக வைத்திருக்கும் வழக்கம் புதிதன்று. தந்தி இலாகா வாழ்த்து வாசகங்களுக்கு எண் கொடுத்திருந்தது; எண்ணைக் குறித்தால் முழு ஆங்கில வாக்கியம் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்தி நின்றது. அந்த வேலையை இப்போது கைப்பேசியின் விசைப்பலகை பார்க்கிறது. 'ஹார்ட்' என்று தட்டினால் 'ஹார்ட்ஃபெல்ட்' என்று தானே நீட்டும். அப்பார்ட்மெண்ட் குழுவில் முதல் ஆள் எழுதுவார், மற்றவர்கள் அவருடைய எழுத்துப்பிழையோடு நகலெடுப்பார்கள். இவ்வகையை விரித்துரைக்க ஒன்றுமில்லை.

எஞ்சியது 'டேக் கேர்'. இதை ஆறுதலில் சேர்ப்பாரும் உளர். விடைபெறும் சொல்லே என்பாரும் உளர். பஞ்சாகுட்டா நிம்ஸ் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் பார்வையாளர் நேரத்தில் தமிழர்களைக் கவனித்தால் இரண்டாம் கட்சி நிற்காது. தெலுங்கர் 'டேக் கேர் அண்டி' என்றதும் கிளம்பிவிடுகிறார். நம்மவர் 'டேக் கேர்' சொல்லி, ஆப்பிள் பையை மேசையில் வைத்து, கதவுவரை போய், அங்கே நின்றபடி தன் மைத்துனருக்கும் இதே வியாதி வந்த கதையைத் தொடங்குகிறார்.