மணிக்கு இருபது ரூபாய்

கிளவுட் கேமிங்கைப் புத்தம் புதிய சங்கதி என்று எழுதுகிறார்கள். விளையாட்டை ஓட்டும் கணினி எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும். படம் மட்டும் இணையம் வழியாக நம் வீட்டு டிவிக்கோ கைபேசிக்கோ வந்து சேரும். நாம் அழுத்தும் பொத்தானின் செய்தி அங்கே போய்ச் சேரும். மாதச் சந்தா கட்டினால் போதும், கணினி வாங்க வேண்டாம். தொழில்நுட்பம் புதிதுதான். ஆனால், சொந்தமாகக் கணினி இல்லாதவன் இன்னொருவர் கணினியில் வாடகைக்கு விளையாடும் ஏற்பாட்டிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். 2003இல் திருச்சி தில்லை நகரில் அதற்கு மணிக்கு இருபது ரூபாய்.

மாடிப்படி ஏறினால் நீளமான ஓர் அறை. சுவரோரமாக எட்டு சிஸ்டம். பென்டியம் 4, பதினைந்து அங்குலக் குண்டு மானிட்டர், அடியில் உருண்டை போட்ட மவுஸ். மூன்றாம் நம்பரில்தான் மவுஸ் நன்றாக ஓடும் என்று அதற்கு எப்போதும் அடிதடி. அப்படி ஒரு சிஸ்டத்தை வீட்டுக்கு வாங்குவதென்றால் அப்பாவின் பல மாதச் சம்பளம் போய்விடும். அதனால் அந்த அறைதான் எங்களுக்கு வாய்த்த வழி. கல்லூரிப் பேருந்தை விட்டு இறங்கியதும் கால்கள் தாமாக அங்கே போகும்.

‘பிராஜெக்ட் ஐஜிஐ’ விளையாடியவர்களுக்குத் தெரியும், அதில் மிஷனின் நடுவே சேவ் செய்ய முடியாது. கடைசிக் காவலாளியிடம் செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாடகை மணியும் ஓடிக்கொண்டிருக்கும். “டைம் முடிஞ்சிருச்சு தம்பி” என்று கடைக்கார அண்ணன் குரல் கொடுப்பார். “அண்ணே, இந்த மிஷன் மட்டும்ணே” என்போம். பெரும்பாலும் விட்டுவிடுவார். பின்னால் நிற்கும் பையன்களும் அவசரப்படுத்த மாட்டார்கள். மிஷன் முடிகிறதா என்று அவர்களும்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ விஷயம் வேறு. அதில் சேவ் செய்யலாம், ஆனால் எட்டு இடம்தான். கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அந்த எட்டுதான். இன்று நீங்கள் பாதி நகரத்தைப் பிடித்து வைத்தால் நாளை வேறொருவர் அதன் மேலேயே சேவ் செய்துவிட்டுப் போயிருப்பார். ஆகவே பிளாப்பி கொண்டு போவோம். ஒரு சேவ் ஃபைல் இருநூறு கேபி அளவு, ஒரு பிளாப்பியில் ஏழு அடங்கும். மை டாக்குமென்ட்ஸிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் இருக்கும் இன்னொரு கடையிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கணினி அவருடையது, ஆட்டம் என்னுடையது. அந்தப் பிரிவினை எவ்வளவு நியாயமானது என்பது எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிகிறது.

கரூரில் இருக்கும் அக்கா மகன் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். அவனிடம் இருப்பது அக்காவின் பழைய லேப்டாப். கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, நான்கு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். அந்த லேப்டாப்பில், கேபிளில் டிவியை இணைத்து, ‘சைபர்பங்க் 2077’ ஓட்டிக் காட்டினான். மழை நனைத்த தெரு, நியான் விளக்குகள், தண்ணீரில் அவற்றின் நிழல். இதையெல்லாம் முழு அழகோடு தன் மேசையில் ஓட்ட நினைப்பவர் ஒரு லட்ச ரூபாய் அளவுக்கு இயந்திரம் வாங்க வேண்டியிருக்கும். 2020, 2021இல் சிப் தட்டுப்பாடும் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்களின் பசியும் சேர்ந்து, காசு இருந்தவர்களுக்கே கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்கவில்லை. இவன் ஒரு கன்ட்ரோலரும் மாதச் சந்தாவும் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடக்கிறான். “மாமா, இன்ஸ்டாலே பண்ண வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம், தட்டுன உடனே ஓடுது” என்றான். எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. அப்பாவின் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக் கைவிட்ட ஆசை, அவன் விரல் நுனியில் சாதாரணமாக நடக்கிறது.

நம் ஊருக்கு இது தாமதமாகத்தான் வந்தது. ஜியோ தன் கேம்ஸ் கிளவுடைச் செட்டாப் பாக்ஸிலும் கைபேசியிலும் முயன்று பார்த்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2020இல் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தொடங்கியது. இந்தியாவுக்கு வந்தது 2025 நவம்பரில். இடையில் நம் வீடுகளுக்கு ஃபைபர் வந்தது, 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியது. இவை இல்லாமல் இந்த விளையாட்டு நடக்காது.

காரணம் இதுதான். சினிமாவை ஸ்ட்ரீம் செய்யும்போது அடுத்து வரும் காட்சிகளைக் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இணையம் ஒரு நொடி திணறினாலும் படம் நிற்காது. விளையாட்டில் அது முடியாது. அடுத்த காட்சி என்ன என்பதே நான் இந்தக் கணம் அழுத்தப் போகும் பொத்தானைப் பொறுத்தது. பொத்தான் செய்தி சர்வருக்குப் போக வேண்டும், அங்கே காட்சி உருவாக வேண்டும், அதை வீடியோவாகச் சுருக்கி அனுப்ப வேண்டும், இங்கே விரித்துத் திரையில் காட்ட வேண்டும். நொடிக்கு அறுபது காட்சி என்றால் ஒரு காட்சிக்குக் கிடைப்பது 17 மில்லிநொடிகூட இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். போய் வர மட்டுமே பத்து மில்லிநொடி. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் எத்தனையோ சந்திகளில் நின்று போகிறது என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். சந்தாவை எவ்வளவு ஏற்றினாலும் இதற்குத் தள்ளுபடி கிடையாது. சர்வர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே விளையாட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது. தில்லை நகர் அறையில் ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆடியபோது எங்கள் சர்வர் அண்ணன் மேசைக்கு அடியில் இருந்தது.

அக்கா மகன் இதைத் தன் பாஷையில் சொன்னான்: “கதை கேம் எல்லாம் சூப்பர் மாமா. ஷூட்டிங் மேட்ச்னா வேலைக்காவாது. நான் சுடுறதுக்குள்ள அவன் சுட்டுடுறான்.” இரவு எட்டு மணிக்கு மேல், தெருவே இணையத்தில் உட்காரும் நேரத்தில், படம் கட்டம் கட்டமாக உடைகிறது. புகை, மழை, புல்வெளி, இருட்டுக் குகை என நுணுக்கம் மிகுந்த காட்சிகள்தான் முதலில் குழம்புகின்றன. வீடியோவைச் சுருக்கும் முறை அங்கேதான் திணறும். டேட்டாவும் கொஞ்சநஞ்சமல்ல. நொடிக்கு 10 மெகாபிட் என்றால் மணிக்கு நாலரை ஜிபி. நாளுக்கு 2 ஜிபி என்று ரீசார்ஜ் செய்து கைபேசியில் மட்டுமே வாழும் மாணவனுக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஏழைப் பிள்ளைக்கும் எட்டும் என்ற வாக்குறுதி, முதலில் ஃபைபர் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் எட்டியிருக்கிறது. இருந்தாலும், கிராஃபிக்ஸ் கார்டின் விலையைவிட இந்தத் தடை சிறியது, காலப்போக்கில் குறையக்கூடியதும்கூட. வேகத்தைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் அந்த பிளாப்பி சங்கதியில்தான்.

இந்தத் துறையில் கடையைச் சாத்திவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆன்லைவ் என்ற நிறுவனம் 2010இல் அமெரிக்காவில் இதைத் தொடங்கியது. நல்ல வேலைப்பாடு, காலத்துக்கு முந்தி வந்துவிட்டது. 2012இல் நொடித்தது, 2015 ஏப்ரலில் காப்புரிமைகளை சோனிக்கு விற்றுவிட்டு மூடப்பட்டது. பிறகு கூகுள். 2019 நவம்பரில் பதினான்கு நாடுகளில் ஸ்டேடியாவைத் தொடங்கியது. அதில் சந்தா கட்டினாலும், பெரும்பாலான விளையாட்டுகளைத் தனித்தனியாக விலை கொடுத்து ‘வாங்க’ வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் சொந்த ஸ்டூடியோக்களை மூடினார்கள். 2022 ஜூலையில், ஸ்டேடியா மூடப்படாது என்று அதன் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே சொன்னது. செப்டம்பரில், மூடுகிறோம் என்று கூகுள் அறிவித்தது. 2023 ஜனவரி 18 அன்று விளக்கு அணைந்தது.

கூகுளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: தன் கடையில் விற்ற கன்ட்ரோலர்களுக்கும் விளையாட்டுகளுக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தது. அது மரியாதையான செயல். ஆனால் காசு மட்டுமா விஷயம்? ‘ரெட் டெட் ஆன்லைன்’ ஆடிய ஒருவர் ஸ்டேடியாவில் ஏறத்தாழ ஆறாயிரம் மணி நேரம் செலவழித்திருந்தார். தன் பாத்திரத்தை வேறு மேடைக்கு மாற்ற வழி செய்யுங்கள் என்று விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்திடம் பொதுவெளியில் மன்றாடினார். யூபிசாஃப்ட் தன் விளையாட்டுகளை ஸ்டேடியாவில் வாங்கியவர்களுக்குக் கணினியில் அவற்றைத் தந்தது. ‘ஹிட்மேன்’ உருவாக்கியவர்கள் முன்னேற்றத்தை வேறு மேடைக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். அவரவர் நல்ல மனசு, அவ்வளவுதான். சட்டமோ கடமையோ எதுவும் இல்லை. ‘அவுட்காஸ்டர்ஸ்’ என்று ஸ்டேடியாவுக்காக மட்டுமே ஸ்பிளாஷ் டேமேஜ் உருவாக்கிய விளையாட்டு ஒன்று இருந்தது. சர்வர் அணைந்ததோடு அதுவும் போயிற்று. எந்த வீட்டுப் பரணிலும் அதன் சிடி இருக்காது, ஏனென்றால் அது யார் வீட்டுக்கும் போனதே இல்லை.

எங்கள் கடையும் மூடப்பட்டது. வீட்டுக்கு வீடு லேப்டாப் வந்தது, மாடியறை காலியாகிக்கொண்டே போனது. வாடகை கட்டுப்படியாகவில்லை. மூடப்போவதற்கு ஒரு வாரம் முன்பே அண்ணன் கதவில் தாள் ஒட்டினார்: சேவ் எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். பழைய பையன்கள் பென் டிரைவோடு வந்தார்கள். நின்று பொறுமையாக எல்லாருக்கும் காப்பி செய்து கொடுத்தார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவருக்கு எங்கள் முகம் தெரியும்.

கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுள்ள நிறுவனத்துக்கு முகம் தெரியாது, தெரியவும் முடியாது. அங்கே அண்ணனின் இடத்தில் விதி இருக்க வேண்டும் என்கிறேன். முடியாத காரியமும் அல்ல. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் வேறு ஒரு முறையை வைத்திருக்கிறது. விளையாட்டை நாம் ஸ்டீம் போன்ற கடையில் வாங்குகிறோம், என்விடியா ஓட்டுவதற்குக் கணினியை மட்டும் வாடகைக்குத் தருகிறது. நாளை அது மூடினாலும் விளையாட்டு நம் கணக்கில் இருக்கும். எனக்கு இதுதான் தில்லை நகர் முறைக்கு நெருக்கமாகத் தெரிகிறது. ஆனால் 2020 பிப்ரவரியில் அது முழுமையாகத் தொடங்கிய கையோடு ஆக்டிவிஷன் பிளிசார்டும் பெதஸ்டாவும் தங்கள் விளையாட்டுகளை அதிலிருந்து விலக்கிக்கொண்டன. காசு கொடுத்து வாங்கியவர் அதை எந்தக் கணினியில் ஓட்டலாம் என்பதையும் விற்றவரே முடிவு செய்தார்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. பறிக்கப்படக்கூடிய உரிமத்தை விற்றுவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று பொத்தானில் எழுதக் கூடாது. ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச்சில் அணைக்கப்பட்டதைக் கண்டு கொதித்த ராஸ் ஸ்காட் என்பவர் ஓர் இயக்கம் தொடங்கினார். மூடும்போது விளையாட்டை ஓடும் நிலையில் விட்டுப் போங்கள் என்பதே கோரிக்கை. 2025 ஜூலையில் அதன் ஐரோப்பிய மனுவுக்கான கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் காட்டியது. அவற்றில் பலவும் இன்று பிழைத்திருப்பது யாரோ சிலர் சிடியையும் கேசட்டையும் பத்திரப்படுத்தி வைத்ததால்தான். மேகத்தில் மட்டுமே இருக்கும் விளையாட்டில் பத்திரப்படுத்த எதுவுமில்லை.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னபோது முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு ராத்திரி அவனாகவே கூப்பிட்டான். அவனுடைய சேவையில், சேவ் ஃபைலை இறக்கிக்கொள்ளும் வசதியைத் தேடியிருக்கிறான், கிடைக்கவில்லை. வாடிக்கையாளர் உதவிக்கு எழுதியிருக்கிறான். சந்தா இருக்கும்வரை உங்கள் முன்னேற்றம் பாதுகாப்பாக இருக்கும் என்று பதில் வந்ததாம். சந்தா முடிந்த பிறகு எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், கேட்டால் ஃபைலாகத் தருவீர்களா என்று மறுபடி எழுதியிருக்கிறான். இன்னும் பதில் இல்லை. நினைவூட்டும் கடிதத்தை நானும் அவனும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.