கையில் ஒரு கோள்மூட்டி

சர்க்கரை நோயில் எனக்கு 12 வருட சர்வீஸ். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு பாகற்காய், வெந்தயம், மாலை நடை. ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் நேரே காபிக் கடை. வெறும் வயிற்று அளவில் எப்போதும் பாஸ்தான். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி மட்டும் விடாமல் காட்டிக் கொடுத்தது.

"ரெண்டும் ஒத்துப்போகலையே சார்" என்ற டாக்டர், என் இடது மேற்கையில் 'டக்'கென்று ஒரு சென்சாரை ஒட்டிவிட்டார்.

கேரம் காயைவிடச் சற்றே பெரிய வெள்ளை வில்லை. அதன் அடியில் முடி போன்ற ஓர் இழை, தோலுக்குள் சுமார் 5 மில்லிமீட்டர் போகிறது. ரத்தத்தைத் தொடாமல், செல்களுக்கு இடையே உள்ள நீரில் சர்க்கரையை அளக்கும். அதனால் போனுக்குச் சேதி ஐந்து, பத்து நிமிடம் தாமதமாகத்தான் வரும். ஆயுள் 14 நாள். அப்புறம் பிய்த்துப் போட்டுவிடலாம்.

பத்து நிமிடம் போதுமே என்று ஒரு கல்யாணத்தில் ஜாங்கிரியை அவசரமாக முடித்தேன். வாயைத் துடைத்துவிட்டு வெற்றிலைத் தட்டை நெருங்கும்போது போன் வந்தது. பெண்கள் பந்தியிலிருந்து மனைவி. "ஏங்க, 190 தாண்டி ஏறுது. எத்தனை?" அவள் போனிலும் என் சர்க்கரை ஓடுகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜாங்கிரியாவது தெரிந்த எதிரி. பத்தியம் என்று நான் பெருமையோடு குடித்த கேழ்வரகுக் கஞ்சி, மறுநாள் காலை 230-ஐத் தொட்டது. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரைக் கோடு தணிகிறது என்பதையும் அந்த வில்லைதான் காட்டியது.

ஒன்பதாம் நாள் இரவு மூன்று மணிக்கு அலாரம். 58! மனைவி பதறி எழுந்து, அரிசி டப்பாவுக்குள் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த கல்யாண லட்டை என் வாயில் திணித்தாள். கையோடு விரலைக் குத்திப் பார்த்தாள். 132.

"சென்சார் இருக்கற கை மேல படுத்திருப்பீங்க. அழுத்தினா பொய்யாக் குறைச்சுக் காட்டும். சந்தேகம் வந்தா விரலைக் குத்திப் பாருங்க" என்றார் டாக்டர்.

அன்றிரவு, டப்பாவில் மிச்சமிருந்த லட்டை நினைத்தபடி, மெல்ல இடது பக்கம் சாய்ந்தேன்.

"மல்லாந்து படுங்க" என்றது இருட்டு.

இந்தச் சென்சாரில் ஒரு நிமிடத் தாமதமும் கிடையாது. 14 நாளில் பிய்த்துப் போடவும் முடியாது.