இருபத்தைந்தில் ஒரு பங்கு

ரேஷன் கடைக் கைரேகை மெஷின் ஒரு மனிதரை மூன்று முறை நிராகரித்து, நான்காவது முறையும் ஏற்க மறுத்தால், ஆள் போலி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கிட்டுவாக இருக்கலாம். கட்டைவிரல் ரேகையின் மேல் சூப்பர் க்ளூ ஒரு பூச்சு. அதன் மேல் வெள்ளிப் பெயிண்ட். அதற்கும் மேல் உப்புத்தாள் இழுத்த கோடுகள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே, "காலையிலேர்ந்து கார்ல கொஞ்சம் டிங்கரிங் வேலை" என்பார். கடைக்காரர் சற்றே மரியாதையோடு நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் காரின் மொத்த நீளம் எட்டு அங்குலம் என்பது அவருக்குத் தெரியாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் துண்டுதுண்டாக வரும் பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, ஒட்டி, இழைத்து, பெயிண்ட் அடித்து வண்டியாக்குகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் பொதுப்பெயர்தான் கிட்டு. எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார், விசாரித்துப் பாருங்கள். ஆனால் விசாரிக்கும்போது 'பொம்மைக் கார்' என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் வயதைக் கேட்டது போல முகம் சுண்டிவிடும். "மாடல்" என்று திருத்துவார். "ஒன்றுக்கு இருபத்தைந்து" என்று சேர்த்துக்கொள்வார்.

எங்கள் கிட்டுவின் கார் 1957ஆம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர். பழைய படங்களில் கதாநாயகன் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் கதாநாயகியின் கூந்தலையும் சமாளித்தபடி பாடிக்கொண்டு போவானே, அந்தச் சாதி வண்டி: கூரையில்லாத கன்வர்ட்டிபிள். பின்பக்கம் சுறாத் துடுப்பு மாதிரி இரண்டு ரெக்கை, பானெட்டின் மேல் இரண்டு குட்டி ராக்கெட், கிரில்லில் பொன்முலாம். நிஜக் கார் இருநூறு அங்குலம். இருபத்தைந்தால் வகுத்தால் மிச்சமில்லாமல் எட்டு. "பார்த்தீங்களா, எவ்வளவு சுத்தமா வருது!" என்று, தானே காரை வடிவமைத்தவர் போலப் பூரிப்பார்.

பெட்டியில் வந்ததை வந்தபடி ஒட்டிவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. கிட்டு அப்படிச் செய்ய மாட்டார். அதற்கு வரலாற்றிலிருந்தே ஆதாரம் காட்டுவார். அமெரிக்காவில் ஏஎம்டி என்ற கம்பெனி 1958இல் 'ஒன்றில் மூன்று' கிட்களைக் கொண்டுவந்தது. ஒரே பெட்டியில் கூடுதல் உறுப்புகள் இருக்கும். ஷோரூமிலிருந்து வந்தபடியும் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம், உங்கள் மனம்போல மாற்றியும் கட்டலாம். முதல் வகை ஸ்டாக், கடைசி வகை கஸ்டம். "நம்மளது கஸ்டம்" என்று அவர் பெருமையோடு சொன்னபோது, உள்ளேயிருந்து அவர் மனைவி, "கஷ்டம்னு சரியா உச்சரிங்க" என்றார்.

இதில் கூரையில்லாத காரைத் தேர்ந்தெடுத்தது தனிக் கஷ்டம். கூரையுள்ள காருக்கு உள்ளே என்ன அக்கிரமம் செய்தாலும் ஜன்னல் வழியாகப் பாதிதான் தெரியும். கன்வர்ட்டிபிள் அப்படியில்லை. சீட்டின் தையல், தரைவிரிப்பு, டேஷ்போர்டின் முள், கிளட்ச் பெடல் எல்லாம் வெட்டவெளியில் கிடக்கும். "மொட்டைமாடியில் குடித்தனம் பண்ற மாதிரி சார், எதையும் ஒளிக்க முடியாது" என்பார். அதனால் தரைவிரிப்புக்குக் கம்பளி நூலைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஈரப் பசையின் மேல் டீ வடிகட்டியால் சலித்துத் தூவினார். அன்று மாலை அந்த வீட்டில் தேநீர் அருந்திய எனக்கு நாக்கில் ஏதோ சுருண்டது. சிவப்பு நிறம்.

கிட்டுவுக்கு உலகமே இருபத்தைந்தால் பெருக்கப்பட்டது. நமக்கு ஒரு மில்லிமீட்டர் தப்பு ஒரு மில்லிமீட்டர்தான். அவருக்கு அது இரண்டரை சென்டிமீட்டர். கதவு ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தால், "நிஜ வண்டியில ஓர் அங்குலம் இடைவெளி! யாரு வாங்குவான்?" என்று தூக்கம் கெடுவார். ஒருநாள் காலை அவர் கதவைத் திறந்தபோது முகம் இழவு வீடு போலிருந்தது. என்னவென்று கேட்டேன். பெயிண்ட் காய்வதற்குள் பானெட்டின் மேல் கொசு உட்கார்ந்துவிட்டதாம். கொசுதானே என்றேன். "அரை சென்டிமீட்டர் கொசு சார். இந்தக் கணக்குல அது பன்னிரண்டரை சென்டிமீட்டர். புது காரோட ஈரப் பெயிண்ட்ல ஒரு சிட்டுக்குருவி வந்து உக்காந்து செத்துப்போன மாதிரி!"

பெயிண்ட் விஷயத்தில் அவருக்கு ஜென்ம விரோதி கொசு அல்ல, ஐப்பசி மாதம். ஸ்ப்ரே டப்பாவில் வரும் லாக்கர் பெயிண்ட்டில் உள்ள தின்னர் சடுதியில் ஆவியாகும். ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துபோகும். காற்றிலிருக்கும் ஈரம் அங்கேயே வியர்த்துப் பெயிண்ட்டோடு கலந்துவிடும். விளைவு, பளபளக்க வேண்டிய கார் மோர் ஊற்றியது போல வெளுத்து நிற்கும். சென்னையில் அடைமழை பிடித்துவிட்டால் மாடியில் வடாம் போட முடியாதவர்களும் கிட்டுவும் ஒரே மாதிரி வானத்தைப் பார்ப்பார்கள். நிறத்தையும் சாதாரணமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தக் காலத்து ஷெவர்லே வண்ண அட்டையில் 'இந்தியா ஐவரி' என்றே ஒரு நிறம் இருந்தது. "டெட்ராய்ட்காரன் நம்ம நாட்டுப் பேரை வச்சிருக்கான்" என்று நெகிழ்ந்து, அதே நிறத்தைக் கலந்து கலந்து மூன்று வாரத்தில் பிடித்தார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பாத்ரூம் கதவு கலர்" என்றார். போய்ப் பார்த்தோம். அதே கலர்தான்.

வீட்டுப் பொருள்கள் அவரிடம் போய்த் திரும்பி வந்ததில்லை. துணி கிளிப்புகள் எல்லாம் ஒட்டிய பாகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். துணிகள் பக்கத்து மாடியில் கிடக்கும். டூத்பேஸ்ட் காருக்கு மெருகேற்ற. டூத் பிரஷ் டயரைத் தேய்க்க. தையல் நூல் கதவை அறுக்க. ஆமாம், சாதாரண நூலை இடுக்கில் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் பிளாஸ்டிக் கதவு அழகாகப் பிரிந்து வரும். பாத்ரூம் ப்ளீச் பம்பருக்கு. கிட்டில் வரும் பம்பர் குரோம் பூசித்தான் வரும், ஆனால் அச்சில் வார்த்த கோடு அதன் நடுவே ஓடும். அதைத் தேய்க்க வேண்டுமானால் முதலில் குரோம் போக வேண்டும். ப்ளீச்சில் போட்டால் சிறிது நேரத்தில் குரோம் கரைந்துவிடும். அதன்பிறகு போன குரோமைத் திரும்பக் கொண்டுவர இரண்டு மாதம் உழைப்பார். கிட்டு என்ற மனிதரை முழுதாக அறிந்துகொள்ள இந்த ஒரு பம்பர் போதும்.

ஆனால் அவர் கைவேலையைக் கிட்டத்தில் பார்த்தால் கேலி கொஞ்சம் அடங்கிவிடும். ரேடியோ ஏரியல் செய்த இரவு நான் கூட இருந்தேன். உறுப்புகள் காய்த்துத் தொங்கும் பிளாஸ்டிக் காம்பு இருக்கிறதே, எல்லோரும் குப்பையில் போடுவது, அதில் ஒரு விரல்நீளத் துண்டை எடுத்து மெழுகுவத்திச் சுடருக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினார். சுடரில் படவில்லை, சூடு மட்டும் பட்டது. நடுப்பகுதி முதலில் மினுமினுத்தது, பிறகு லேசாகத் தொய்ந்தது. அந்த நொடியில் சுடரை விட்டு விலக்கி, மூச்சை அடக்கி, இரண்டு கையையும் மெல்ல அகட்டினார். ஜவ்வு மிட்டாய் போல நீண்டு நீண்டு, தலைமுடிக் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் இழை இரண்டு கைக்கும் நடுவே நின்றது. பத்து எண்ணும்வரை அசையாமல் பிடித்திருந்தார். அதில் ஒன்றரை அங்குலம் வெட்டி முன்பக்கம் நட்டதும், அது நிஜ ஏரியல் போலவே துளி நடுங்கியது. இருவரும் பேசவில்லை. அப்புறம் மின்விசிறி போட்டேன், அது பறந்துவிட்டது.

இன்ஜின் கதை வேறு. எட்டு சிலிண்டர் வி-எட்டு இன்ஜின். 283 கன அங்குலம். எரிபொருளைப் பீய்ச்சும் உயர்ரக இன்ஜினில் குதிரைத்திறனும் 283. கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று கம்பெனியே விளம்பரம் செய்தது. நிஜத்தில் ஸ்பார்க் பிளக் ஒயரின் கனம் ஏழு மில்லிமீட்டர். அதை இருபத்தைந்தால் வகுத்து, பழைய ஹெட்போனைக் கிழித்து அந்தக் கனத்தில் ஒயர் எடுத்தார். இன்ஜினின் பின்பக்கமிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டு பிளக்குக்கும் எட்டு ஒயர். ஏதோ எட்டு ஒயர் என்று விட்டுவிட முடியுமா? சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை ஒன்று, எட்டு, நான்கு, மூன்று, ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு. அந்த வரிசையில்தான் ஒயர் போக வேண்டும். குளிக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் இதையே ஜபிப்பார். வாட்ச்மேன் என்னிடம் ரகசியமாக, "யாரோட போன் நம்பர் சார்? ரெண்டு நம்பர் குறையுதே" என்று கேட்டார். ஒருநாள் வரிசை பாதியில் மறந்து, "மூணு, ஆறு, அஞ்சு..." என்று கிட்டு திணறி நின்றபோது, சமையலறையிலிருந்து, "ஏழு, ரெண்டு" என்று குரல் வந்தது. கூடவே தாளிக்கும் சத்தம். கிட்டு அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த மனிதரின் ஸ்கூட்டர் கீழே நிற்கிறது. பத்து உதை உதைத்தால்தான் உறுமும். பிளக்கைத் துடைத்தால் போதும் என்று மெக்கானிக் சொல்லி ஒரு வருடமாகிறது. ஒரே ஒரு பிளக்.

பெல் ஏரின் மகுடம் பெட்ரோல் மூடி. 57 மாடலில் மூடி எங்கே என்று வெளியே தெரியாது. இடது பின் ரெக்கையின் ஓரத்தில் ஓடும் குரோம் பட்டையிலேயே சின்னக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே டாங்க்கின் வாய். கிட்டில் அது திறக்காது. வார்ப்பிலேயே மூடிக் கிடக்கும். கிட்டு அதை அறுத்தெடுத்து, ஊசிமுனைக் கனத்தில் கீல் வைத்துத் திறக்கும்படி செய்தார். மூன்று மில்லிமீட்டர் கதவு. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற யாருக்கும் காபிக்கு முன் ஒரு பரீட்சை. "இதுல பெட்ரோல் எங்க ஊத்துவாங்க, சொல்லுங்க பார்ப்போம்!" கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த தம்பதி தாம்பூலத் தட்டைக் கையில் பிடித்தபடியே காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் ஆறு பேரை அழைக்க வேண்டியவர்கள். பாவம், கண்டுபிடிக்கும்வரை விடவில்லை.

ஒருநாள் அந்த மூடி சாமணத்தின் நுனியிலிருந்து துள்ளியது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிட்டுகளின் வாழ்வில் இது அடிக்கடி நடக்கும். தரையில் விழுந்த உறுப்பை அதன்பின் கண்டவர் இல்லை. குடும்பமே டார்ச்சோடு தவழ்ந்தது. இரண்டு நாள் வீட்டில் துடைப்பம் எடுக்கத் தடை உத்தரவு. அகப்படவில்லை. "தரை முழுங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு, மூடி கிடைக்கும்வரை வேலை நிறுத்தம் என்று காரைத் துணி போட்டு மூடிவிட்டார். அவர் முகத்தில் துக்கத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்ததை நான் பார்த்தேன்.

அந்த நவராத்திரிக்கு மனைவி அவரைக் கேட்காமலேயே துணியை எடுத்துவிட்டு, காரைக் கொலுவின் கீழே பூங்காவில் நிறுத்தினார். கடுகு முளைத்த புல்வெளி, கண்ணாடிக் குளம், பக்கத்தில் மளிகைக் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் செட்டிச்சியும். வந்தவர்களெல்லாம் காரைத்தான் பார்த்தார்கள். சுண்டலை மறந்து பார்த்தார்கள். கிட்டு மட்டும் மூலையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "என்ன சார், எல்லாரும் பாராட்டறாங்க?" என்றேன். "செட்டியார் அரையடி சார்" என்றார் ஈனக் குரலில். "ஒன்றுக்கு இருபத்தைந்துன்னா பன்னிரண்டரை அடி. உக்காந்த நிலையிலயே பன்னிரண்டரை அடி! எழுந்து நின்னார்னா கார் என்னாகும்?"

கொலு எடுத்து வைத்த மறுநாள் நானும் அங்கிருந்தேன். மனைவி ஒரு பழைய பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தார். திறந்தார் கிட்டு. உள்ளே ஒரு கதவுக் கைப்பிடி, இரண்டு வைப்பர், ஒரு கிளட்ச் பெடல், பானெட் ராக்கெட்டில் ஒன்று, பறந்துபோன ஏரியல், எந்தக் காருக்கோ உரிய ஒரு கண்ணாடி. அடியில், மூன்று மில்லிமீட்டர் பெட்ரோல் மூடி.

"பெருக்கும்போது கிடைச்சதெல்லாம்" என்றார். "கண்ணாடி மட்டும் இந்த வண்டிது இல்ல. போன வருஷம் பண்ணீங்களே, பச்சை கலரு, அதுது."

கிட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பரீட்சைக்குத் தேதி குறித்துவிட்ட மாணவன் குரலில், "அப்போ இதை முடிச்சுடணும்" என்றார்.

"முடிங்க. பரண்ல கொலுப் பெட்டிக்குப் பின்னாடி இன்னும் பதினோரு பெட்டி இருக்கில்ல" என்றார் மனைவி.

பதினொன்று என்று கிட்டு யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் நான்கு என்றுதான் சொல்லியிருந்தார்.

கார் முடிந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. விருந்தாளி வந்தால் இப்போதும் வெளியே எடுத்து, பெட்ரோல் எங்கே ஊற்றுவார்கள் என்று கேட்கிறார். யாருக்கும் எளிதில் அகப்படாது. இடது ரெக்கையின் பக்கம் குனியும்போது லேசாகப் பெருங்காய வாசம் அடிக்கும், மூக்குள்ளவர்கள் பிழைத்துக்கொள்ளலாம்.