ஏழு பேர் போதும்

1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் நம் மலேசியாவில் ஒரு சங்கம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் இருவர். கணக்குச் சரி, ஆடத்தான் ஆளில்லை.

பேராவின் ரப்பர்த் தோட்டங்களில் காமன் கூத்து விடியவிடிய நடந்த காலத்தில் செயலவை ஏது? இன்று தோட்டம் செம்பனையாகிவிட்டது, கூத்து ஈப்போ மண்டபத்துக்கு வந்துவிட்டது. ஏழு மணி நிகழ்ச்சி, சிறப்பு விருந்தினரான டத்தோவுக்காக ஒன்பது வரை காத்திருக்கும். கும்மிப் பிள்ளைகளின் கண்மை கன்னத்துக்கு இறங்கியிருக்கும். பொன்னாடை, மாதிரிக் காசோலை, ஆளுக்கொரு உரை. பிறகு அறிவிப்பாளர், "நேரமின்மை காரணமாகக் கும்மி சுருக்கப்படுகிறது" என்பார்.

டத்தோ அவர்களே, அடுத்த முறை சாப்பாட்டு நேரத்துக்கே வாருங்கள். பிள்ளைகள் ஆடி முடித்திருப்பார்கள்.