சேட்டக் புனருத்தாரணம்: ஒரு தத்துவ விசாரணை

பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப் பூட்டுவதை நம்மவர்கள் இதுகாறும் மெக்கானிக் வேலையாகவே கருதி வந்திருக்கிறார்கள். அது அடிப்படையில் ஒரு தத்துவச் சிக்கல் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுப்பொருள், எண்பதுகளில் ஓடிய ஒரு பஜாஜ் சேட்டக். தற்போதைய நிலை, செங்கல் அடுக்கின் மேல் வெறும் கூடு. என்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, சீட்டும் இல்லை. டெயில் லைட் இருந்த துளையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருக்கிறது. இத்தாலியனில் வெஸ்பா என்றாலே குளவி; அதன் வம்சத்தில் வந்த வண்டிக்கு அது பொருத்தந்தான். ஆய்வு வினா ஒன்றே: இது ஸ்கூட்டரா, இல்லையா?

இந்த வினாவை முன்பே எழுப்பியவர் பௌத்தத் துறவி நாகசேனர். ‘மிலிந்த பஞ்ஹா’வில் அவர் மன்னன் மிலிந்தனிடம், நீ வந்த தேர் எது, சக்கரமா, அச்சா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மடக்குகிறார். எதுவும் தேர் இல்லை, எல்லாம் சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயர்தான் தேர் என்று முடிகிறது வாதம். நாகசேனருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் தேவை இருந்ததில்லை என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்வோம்.

கூடுகளில் இரண்டு சமயங்கள் உண்டு. லாம்ப்ரெட்டா சமயத்தில் நடுவே ஒரு தடித்த குழாய் ஓடும். தகடுகளெல்லாம் அதன்மேல் போல்ட் போட்டு மாட்டியவை. லக்னோவில் செய்த விஜய் சூப்பரும் இவ்வழி வந்ததே. வெஸ்பா சமயம் வேறு. அதை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாதவர். 1946-ல் பியாஜியோ நிறுவனத்துக்காக அவர் செய்த வண்டியில் எலும்பு தனி, தோல் தனி என்ற பேதம் கிடையாது. மடித்த தகடே வண்டியைத் தாங்கும். அத்வைதம். பஜாஜ் வெஸ்பாவை உரிமம் பெற்றுச் செய்துவந்து, அந்த ஒப்பந்தம் முடிந்தபின் 1972-ல் ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைச் சூட்டி இறக்கிய சேட்டக்கும் இதே மரபுதான். எனவே லாம்ப்ரெட்டாவின் தகட்டில் துரு வந்தால் அது சொறி. சேட்டக்கில் வந்தால் எலும்புருக்கி. கால் வைக்கும் தளத்தில் ரப்பர் பட்டைகளை மாட்டிய துளைகளில் தொடங்கி, அடிப்பக்கம் வழியாக உள்ளே போயிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்க்ரூ டிரைவரால் அடியில் குத்தினால் தெரியும்.

இங்கே அறிதலின் சிக்கல் எழுகிறது. நம் சாத்திரங்கள் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்கின்றன. ஏற்கெனவே பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிற்கும் கூட்டிடம் மூன்றும் தோற்கும். காண்டல்: பளபளக்கிறது. கருதல்: இவ்வளவு நன்றாக அடித்தவன் தகட்டையும் நன்றாகத்தான் பார்த்திருப்பான். உரை: “ஒரிஜினல் ஷீட்டு சார், ஒரு இடத்துல கூட டிங்கரிங் இல்ல.” ஆகவே நான்காவதாகக் காந்தத்தைச் சேர்க்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் பணிவான பரிந்துரை. நூல் கட்டிய சிறு காந்தத்தைக் கூட்டின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் தகடு உள்ள இடத்தில் பிடிக்கும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் நழுவும். மாயை என்பது விரலளவு கனமுள்ள பட்டி என்று இச்சோதனை மெய்ப்பிக்கிறது.

டிங்கரிங், பிரைமர், பெயிண்ட் மூன்றையும் பணம் கொடுத்தால் முடிக்கலாம். ஆன்மப் பரிசோதனை கேபிள் கோக்கையில்தான். கிளட்சுக்கு ஒன்று, கியருக்கு இரண்டு, ஆக்சிலரேட்டருக்கு ஒன்று, பின் பிரேக்குக்கு ஒன்று, போதாததற்கு ஒயரிங் கட்டு, எல்லாம் கூட்டின் வயிற்றுக்குள் ஓடியாக வேண்டும். அறிந்தவர்கள் பழைய கேபிளை உருவும்போதே அதன் வாலில் ஒரு நூலைக் கட்டி விடுவார்கள். நூல் உள்ளே தங்கும், பிறகு புதியதை அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். கூடாகவே வாங்கியவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒருவர் முன்னால் கம்பியை விட, இன்னொருவர் டேங்க் குழிக்குள் கைவிட்டு, “வந்துச்சா?” “இல்ல.” “இப்ப?” “ஏதோ வந்துச்சு, போயிருச்சு” என்று உரையாடும் இந்தக் கட்டத்தில் பல தம்பதியர் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். டேங்கை முதலில் ஏற்றிவிட்டால் கையும் போகாது.

என்ஜின் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விட்டம் 57 மி.மீ., ஸ்ட்ரோக் 57 மி.மீ., ஆக 145.45 சி.சி. எதுகையும் மோனையும் ஒத்த அமைப்பு. போரிங் செய்து புதுப் பிஸ்டன் போட்டு, 2டி ஆயில் கலக்க மறக்காமல் இருந்தால் ஓடும். உதிரிகளுக்கு எல்லாரும் போகிற புதுப்பேட்டைக்கு நீங்களும் போவீர்கள். ஹெட்லைட் ஒரு வண்டியில் இருந்தும் ஃபோர்க் வேறொரு வண்டியில் இருந்தும் வரும்; சைடு பேனல்கள் இரண்டும் தாயாதிகளாகக்கூட இருக்க மாட்டா. எல்லாம் பூட்டி முடித்தபின் கிண்ணத்தில் சில நட்டு போல்ட்டுகள் மிஞ்சும். “அது எக்ஸ்ட்ரா சார்” என்பார் மெக்கானிக். எந்தத் தொழிற்சாலையும் எக்ஸ்ட்ரா போட்டு அனுப்புவதில்லை என்பதால் இக்கூற்று மேலாய்வுக்குரியது.

முதல் உதையைப் பொறுத்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வண்டியை ஒருபக்கம் சாய்த்து, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் காட்டிவிட்டு உதைக்க வேண்டும் என்பது ஒரு பள்ளி. சாய்த்தால் பிளக் நனையும், சோக்கை இழுத்தாலே போதும் என்பது எதிர்ப்பள்ளி. இளம்பூரணரோடு நச்சினார்க்கினியர் முரண்பட்டதைவிட இவர்கள் கடுமையாக முரண்படுகிறார்கள். ஆனால் வண்டி கிளம்பாதபோது இருதரப்பும் செய்வது ஒன்றே. பிளக்கைக் கழற்றுவார்கள், நுனியை உப்புத்தாளில் தேய்ப்பார்கள், வேட்டி நுனியில் துடைப்பார்கள், வாயால் ஊதி மாட்டுவார்கள்.

இனி முடிபு. சக்கரம், என்ஜின், ஹேண்டில், சீட் எல்லாம் வேறு வண்டிகளுடையவை. கூட்டின் தளத்தகடும் புதிதாக வெல்டிங் செய்தது. அப்படியானால் இது அதே சேட்டக்தானா? நாகசேனர் கைவிரித்த இடத்தில் மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாக இருக்கிறது. என்ஜினை மாற்றலாம், ஆர்.சி.யில் பதிந்துகொண்டால் போதும். நிறத்துக்கும் அவ்வாறே. ஆனால் கூட்டில் கொத்திய சேசிஸ் எண் ஒன்றே வண்டி. பதிவு 15 ஆண்டு கழிந்து, மேலும் 5 ஆண்டு புதுப்பிக்கப் போகும்போது அதிகாரி தேடுவது அதைத்தான். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படிதான் ஆதாரம். சேட்டக் என்பது பெயிண்ட் அடித்த ஓர் எண். மற்றதெல்லாம் உபசார வழக்கு.

ஆகையால் இத்துறையில் இறங்கவிருக்கும் அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஆர்.சி. இல்லாத கூட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டிங்கரிங் பட்டறையில் வண்டியை விடுமுன் சேசிஸ் எண்ணைப் பென்சிலில் படியெடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் பட்டி பூசக்கூடாது என்று பெயிண்டரிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். போனில் சொன்னால் பூசிவிடுவார்.